நானூற்றுப் பதினொரு வரிகள்

"லாக்கைத் திருத்தியிருக்கீங்க, ரெங்கராஜ். ஆமாவா, இல்லையா?"

நிர்வாக மேலாளர் கமலவல்லி, எதையும் சுற்றி வளைத்துக் கேட்டுப் பழகாதவர்.

"ஆமாங்க மேடம்," என்றார் ரெங்கராஜ்.

தென்னூரில் உள்ள அந்த மருத்துவமனையின் கம்ப்யூட்டர்கள் அனைத்தும் பதினான்கு ஆண்டுகளாக அவர் பொறுப்பில் இருந்தன. நோயாளிகளின் ஸ்கேன் படங்களையும் சிகிச்சைக் குறிப்புகளையும் நகலெடுத்துப் பாதுகாக்க வேண்டிய பேக்கப் சர்வர், மூன்று நாட்களாக நகல் எடுக்கவில்லை. காரணத்தைக் கண்டறிய, அதை விற்ற பெங்களூர் நிறுவனம் லாக்கைக் கேட்டது. தான் செய்த வேலையையும் செய்யத் தவறிய வேலையையும் சர்வர் தானே வரிவரியாக எழுதிவைக்கும் பதிவுதான் லாக். பத்து நிமிடத்தில் திரட்டி அனுப்பிவிடலாம். ரெங்கராஜ் ஒரு பகல் முழுவதையும் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் அந்த நிறுவனத்தின் இன்ஜினியர் ஜூட், நேராகக் கமலவல்லிக்கே போன் செய்துவிட்டார்.

"நானூத்திப் பதினொரு வரியில சர்வர் போட்ட முத்திரை பொருந்தலை மேடம், யாரோ கை வச்சிருக்காங்க. உங்க ஆளு எதையோ மறைக்கிறாரு."

அதன் பிறகுதான் இந்த விசாரணை.

"எதுக்குத் திருத்தினீங்க?"

"வெளியே போக வேண்டாதது கொஞ்சம் இருந்துச்சுங்க."

"வேண்டாததுன்னா எது?"

ரெங்கராஜ் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பிப் போட்டார்.

"சரி. சர்வர் நின்னது யார் தப்பு? அதையாவது சொல்லுங்க."

"லாக்லயே இருக்குங்க மேடம்."

"அந்த லாக்கைத்தான் நீங்க திருத்திட்டீங்களே."

ரெங்கராஜ் தரையைப் பார்த்தார்.

"பதினாலு வருஷம் வேலை பார்த்தவர்ங்கிறதால உட்கார வச்சுப் பேசிட்டிருக்கேன். வேற ஒருத்தரா இருந்தா இந்நேரம் சத்திரம் பஸ் ஸ்டாண்டுல நின்னுட்டிருப்பார். அசலை அப்படியே அனுப்புங்க. இல்லேன்னா நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

"சரிங்க மேடம்."

"என்ன சரி? அனுப்பறீங்களா?"

"நாளையிலேர்ந்து வரலைங்க."

கமலவல்லி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"உங்க பொண்ணு யாழினி இப்பத்தான் காலேஜ்ல ரெண்டாவது வருஷம். ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க."

"வீட்டுல உங்க சம்பளத்தை விட்டா வேற வருமானம் இல்லை. அதுவும் ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க மேடம்."

கமலவல்லி எழுந்தார். "வாங்க. நானே பார்க்கிறேன்."

"நீங்க பார்க்க வேண்டாமே."

"அப்படின்னா கட்டாயம் பார்த்தாகணும்."

சர்வர் அறையில் அசலையும் திருத்திய பிரதியையும் அருகருகே திறந்துவைத்தார் ரெங்கராஜ். பிறகு சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார்.

கமலவல்லி முதலில் தேடியது அவருடைய குற்றத்தை. அதிக நேரம் தேட வேண்டியிருக்கவில்லை. பழைய லாக்குகளைத் தானாகவே நீக்கும் ஏற்பாட்டை இரண்டு மாதங்களுக்கு முன்பு ஒருவர் நிறுத்தியிருக்கிறார். மீண்டும் இயக்க மறந்துவிட்டார். பழைய லாக்குகள் சேர்ந்து சேர்ந்து சர்வரை நிரப்பிவிட்டன. புதிய நகல்களுக்கு இடமில்லை. நிறுத்தியவர் பெயர் ரெங்கராஜ் என்று அசலில் இருந்தது.

பெங்களூருக்கு அனுப்பிய பிரதியிலும் அந்த வரி அப்படியே இருந்தது.

"இதை ஏன் அழிக்கலை?"

"அதுதானுங்களே காரணம். அதை அழிச்சா ஜூட் எதைப் பார்த்துச் சரி பண்ணுவாரு?"

"அப்போ அழிச்சது எதை?"

"ஃபைல் பேரை மட்டும்."

நகலெடுக்க முடியாமல்போன ஒவ்வொரு ஃபைலின் பெயரையும் சர்வர் லாக்கில் குறித்திருந்தது. ஃபைல்களுக்கு எண் மட்டுமே இட வேண்டும் என்பது மருத்துவமனையின் விதி. பதிவு அறை வீராயிக்கு எண்களில் நம்பிக்கை கிடையாது. பெயர், வயது, ஊர், நோய் நான்கையும் கோத்துத்தான் அவர் ஃபைலுக்குப் பெயர் சூட்டியிருந்தார். ரெங்கராஜ் அவற்றை நீக்கி, எண்களை இட்டிருந்தார்.

"நம்பர்தான் போடணும்னு நான் சுற்றறிக்கையே அனுப்பினேனே."

"நானும் சொன்னேங்க. 'உப்பிலியபுரத்துலேர்ந்து ஒரே நாள்ல மூணு வீரமலை வராங்க, நம்பரை வச்சுக்கிட்டு நான் எந்த வீரமலையைத் தேடுறது'ன்னு சண்டைக்கு வந்துட்டாங்க."

கமலவல்லிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"இதுக்கு ஒரு பகலா?"

"ஒவ்வொண்ணையும் ஒவ்வொரு மாதிரி அடிச்சிருக்காங்க. கையாலதான் மாத்த முடிஞ்சது."

கமலவல்லி அங்கிருந்தபடியே ஜூட்டுக்குப் போன் செய்தார். "திருத்தின லாக்தான் எங்க மருத்துவமனையோட லாக். அதை வச்சுச் சரி பண்ணுங்க. அசல் வெளியே வராது. இது என் உத்தரவு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"நாளைக்கு வழக்கமான நேரத்துக்கு வந்துடுங்க. மறந்ததுக்கு ஒரு மெமோ உண்டு. அதை வாங்கிக்கிட்டுத்தான் வேலையைத் தொடங்கணும்."

"சரிங்க மேடம்."

"ஆனா எனக்கு ஒண்ணு மட்டும் விளங்கலை. நோயாளிங்க பேர் வெளியே போகக் கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே சம்மதிச்சிருப்பேனே. வேலையே போனாலும் போகட்டும்னு எங்கிட்ட மறைக்கிற அளவுக்கு இதுல என்ன இருக்கு?"

ரெங்கராஜ் ஏ.சி. ரிமோட்டை எடுத்து, அதில் இல்லாத தூசியைத் துடைக்கத் தொடங்கினார்.

கமலவல்லி அசலை ஒவ்வொரு வரியாகக் கீழே நகர்த்திக்கொண்டே போனார்.

இருநூற்று ஏழாவது வரியில் அவர் விரல் நின்றது: 'கமலவல்லி, 53, ஸ்ரீரங்கம், மனச்சோர்வு.'