கேட்டு வாங்கிய கட்டில்

"கவரைக் கிழிக்காதே ஸ்ரீஜித். வண்டியில இருந்து ஒண்ணும் இறக்காண்டாம்."

மாப்பிள்ளையின் அம்மா தாணம்மாள் வாசற்படியில் நின்றபடி மகனிடம் இப்படிச் சொன்னதும் முற்றத்தில் கூடியிருந்த அத்தனை பேரும் வண்டியை விட்டுவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றைக்கு அடுக்களை காணல். கல்யாணம் முடிந்த கையோடு பெண்வீட்டார் பாத்திரபண்டம், கட்டில், அலமாரி எல்லாம் ஏற்றிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போவார்கள். மகள் புழங்கப்போகிற அடுக்களையைப் பார்த்து, விருந்துண்டு திரும்புவார்கள். என்ன வந்தது, என்ன வரவில்லை என்று பார்ப்பதற்கென்றே அக்கம்பக்கத்துப் பெண்கள் குளித்து உடுத்து வந்து நிற்பார்கள். குலசேகரத்தில் அந்தத் தெரு மட்டும் விலக்கா என்ன?

பெண்ணின் அப்பா முத்துநாயகம் ஈத்தாமொழியில் சின்னதாகப் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். அவர் கொண்டுவந்த கட்டிலும் அலமாரியும் கண்ணாடி மேசையும் மினி லாரியில் பளபளவென்று நின்றன. தாணம்மாள் இறங்கிப் போய் விரலை மடக்கி அலமாரியைத் தட்டிப் பார்த்தாள்.

"மரத்தூளை அமுக்கின போர்டு. இது எனக்க வீட்டுல ஏறாது."

சம்பந்தியை நடுமுற்றத்தில் நிறுத்தி வைத்துப் பேசுகிற பேச்சா இது? பெண்ணின் அத்தை பிந்துவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நிச்சயத்தன்று, எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், பிள்ளை வந்தால் போதும் என்று இனிக்க இனிக்கப் பேசியதும் இதே வாய்தான். தாலி ஏறியதும் பேச்சு மாறிவிட்டது.

தாணம்மாள் அதோடும் விடவில்லை.

"அண்ணாச்சி, பொண்ணு பாக்க வந்தப்பம் என்னை இருக்கச் சொன்னியளே, அந்த அயினிக் கட்டில் எங்க?"

முத்துநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். நாகர்கோவிலில் ஒரு கடையில் பழசுக்குப் புதுசு தருகிறார்கள், அந்தக் கட்டிலைக் கொடுத்து மேலே கொஞ்சம் போட்டுத்தான் இதையெல்லாம் எடுத்தேன் என்று தணிந்த குரலில் சொன்னார்.

"அப்பம் இதைத் திருப்பிக் குடுத்துட்டு அதைக் கொண்டு வாங்க. எனக்கு அந்தக் கட்டில்தான் வேணும்."

கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. அயினி மரத்துக்கு இன்றைக்கு என்ன மதிப்பு என்று தெரிந்துதான் கேட்கிறாள் என்றாள் ஒருத்தி. பெண் பார்க்க வந்தவள் பெண்ணைப் பார்த்தாளா, கட்டிலைப் பார்த்தாளா என்றாள் இன்னொருத்தி. மாப்பிள்ளையின் சொந்தக்காரர்களே முத்துநாயகத்துக்காகப் பரிதாபப்பட்டார்கள்.

பிந்து நேரே அண்ணனிடம் போனாள். "பிள்ளையையும் விளிச்சுக்கிட்டு இப்பமே வீட்டுக்குப் போவோம் அண்ணா. இந்த வீட்டுல அவளை விட்டுட்டுப் போனா எனக்கு உறக்கம் வராது."

முத்துநாயகம் மகளைப் பார்த்தார். சுபிதா கதவைப் பிடித்துக்கொண்டு அழுகையை அடக்கி நின்றாள். பிறகு லாரியில் ஏறி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

விருந்துக்கு இலை போட்டார்கள். பிந்து உட்காரவில்லை. இந்த வீட்டுச் சோறு தனக்கு இறங்காது என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுத் தூணோரம் நின்றாள். தாணம்மாள் அதைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை. எத்தனை நெஞ்சழுத்தம் இருக்க வேண்டும்?

சாயங்காலம் லாரி திரும்பியது. கவர் கிழியாமல் இருந்ததால் கடைக்காரர் முனகிக்கொண்டே மாற்றிக் கொடுத்தாராம். காலும் சட்டமும் பலகையுமாக இறக்கி, ஆணி ஒன்றுகூட இல்லாமல் ஆப்பு அடித்தே கட்டிலைப் பூட்டினார்கள். தாணம்மாள் தன் கையாலேயே அதைத் துடைத்தாள். மருமகளைக் கூப்பிட்டு அதில் உட்கார வைத்தாள். பிறகு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

பிந்து பின்னாலேயே போனாள். பகல் முழுவதும் அடக்கி வைத்திருந்ததை அதற்கு மேலும் அடக்க அவளால் முடியவில்லை.

"ஒரு கட்டிலுக்காக எனக்க அண்ணனை இத்தன ஆளுக்க முன்னால நாணங்கெடுத்திட்டியளே மைனி. தனியா விளிச்சுச் சொல்லப்பிடாதா?"

தாணம்மாள் பாயசத்தைக் கிளறிக்கொண்டே பதில் சொன்னாள்.

"தனியாச் சொன்னா கொண்டு வருவாரா? பழங்கட்டிலைத் தந்து பிள்ளையை விட்டுட்டான்னு இஞ்ச உள்ளவளுவ சொல்லுவாளுவன்னு பயந்துதானே, பேரப்பிள்ளை காலம்வரை கிடக்கக்கூடிய கட்டிலைக் குடுத்துட்டு ரெண்டு மழைக்கு ஊதிப்போற போர்டை வாங்கினாரு? இனி ஒருத்தி சொல்லட்டும் பாப்போம். மாமியாக்காரி மல்லுக்கு நின்னு கேட்டு வாங்கின கட்டில்லா இது."

பிந்து கட்டிலில் இருந்த சுபிதாவை ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

"அப்பம் கெட்ட பேரு உங்களுக்கல்லா மைனி," என்றாள்.

"மாமியாருக்கு எப்பிடியும் வரப்போற பேருதானே, கொஞ்சம் முன்னாலயே வாங்கி வச்சிட்டேன். நானும் காலையில இருந்து ஒண்ணும் திங்கல்ல. வாங்க, இலையில இருப்போம்."