பத்து நிமிஷ ரயில்

“கொழும்பிலிருந்து புதுசா விடப்போற உல்லாசப் பயண ரயில் இந்த இடத்திலைதான் நிக்கும். பத்து நிமிஷம். வெளிநாட்டுக்காரர் இறங்கிவந்து லயத்தைப் படம் எடுப்பினம்” என்றார் மந்திரி குமாரசிங்கம்.

தெமோதரைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. தண்டவாளத்துக்கு நேர் எதிரே கீழ் லயம், தொழிலாளர் குடியிருக்கும் ஒரே வரிசையில் இருபது வீடு. கூரைத் தகரத்தில் ஓட்டையை எண்ணுவதைவிட மிச்சமிருக்கிற தகரத்தை எண்ணுவது சுலபம்.

கூட வந்த தோட்ட நிர்வாகி பெரிய துரைக்கு முகம் சுருங்கிவிட்டது. “மூங்கில் தட்டி கட்டி மறைத்துவிடலாமே?” என்று இங்கிலீஷில் கேட்டார்.

“மறைக்கவே கூடாது. லண்டன் பத்திரிகைக்காரர்களும் வருகிறார்கள். லயம் இருக்கிறபடியே இருக்கட்டும். நவம்பர் முதலாம் திகதி முதல் ரயில்.” மந்திரியின் பதிலும் இங்கிலீஷில்தான்.

போன தேர்தல்வரை குமாரசிங்கம் கொழும்பில் ஒரு விளம்பரக் கம்பெனியில் பெரிய அதிகாரி. சவர்க்காரம், பிஸ்கட், தலைவலி மருந்து என்று அவர் விற்காத சாமான் இல்லை. இப்போது உல்லாசப் பயணத்துறை மந்திரி.

“சவர்க்காரம் வித்தவர் இப்ப சனத்தை விக்க வந்திட்டார்” என்று தோட்டத்துக் கிளாக்கர் செல்வரத்தினம் கங்காணியின் காதைக் கடித்தார்.

பாக்கியலெட்சுமிக்குக் காதைக் கடிக்கிற பழக்கமெல்லாம் இல்லை. கைக்குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள்.

“ஏங்க மந்திரி ஐயா, நாங்க என்ன கூண்டுல கெடக்குற கொரங்கா? போன ஐப்பசி மழையில இந்தக் கூரை ஒழுகி, எம் மூத்த புள்ள சளி கட்டிச் செத்துப்போச்சு. மூணு வருசமா தகரம் கேக்குறோம். ஐப்பசி திரும்பி வருது, இந்தப் புள்ளையும் இருமுது. இதையும் படம் புடிச்சுக் காட்டுவீங்களா?”

“வாய மூடு புள்ள” என்று புருஷன் இராசையா அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

மந்திரி குழந்தையைப் பார்த்தார். பிறகு துரையைப் பார்த்தார்.

“ஓம் அம்மா. கூரையைத்தான் முதல்லை படம் எடுக்கச் சொல்லுவன்” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

“நீ நல்லாருப்பியா!” என்று பாக்கியலெட்சுமி கார் போன பக்கம் மண்ணை வாரித் தூற்றினாள்.

அன்றிலிருந்து துரைக்குச் சோறு இறங்கவில்லை. ஓட்டைக் கூரை லண்டன் பத்திரிகையில் வந்தால், லண்டனில் இருக்கிற தோட்டக் கம்பெனிக்காரர்கள் சும்மா விடுவார்களா? மூன்று வருஷம் அசையாத காரியம் மூன்று வாரத்தில் முடிந்தது. பதுளையிலிருந்து லொறியில் புதுத் தகரம் வந்தது. கீழ் லயம் முழுக்கக் கூரை மாறியது. வாசலுக்குக் குழாய்த் தண்ணீர்கூட வந்துவிட்டது.

ஐப்பசி மழையும் வந்தது. ஒரு வாரம் விடாமல் கொட்டியது. பாக்கியலெட்சுமி வீட்டுக்குள் ஒரு சொட்டு விழவில்லை. குழந்தையின் இருமல் நின்றது.

நவம்பர் முதலாம் திகதி துரை கோட்டு மாட்டிக்கொண்டு குடையோடு நின்றார். வழக்கமான பதுளை ரயில்தான் வந்தது. நிற்காமலே போனது. மறுநாளும் அப்படித்தான்.

“மழை விட்டதும் வருவார்கள்” என்ற துரை, ரயிலிலிருந்து மேல் லயமும் தெரியுமே என்று அதற்கும் தகரம் கேட்டு எழுதிப் போட்டார்.

அந்த வாரமே பாக்கியலெட்சுமி ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள்.

“கிளாக்கர் ஐயா, மந்திரிக்கு ஒரு கடுதாசி எழுதித் தாங்க.”

“ஏசி எழுதவோ?”

“இல்லீங்க. கையெடுத்துக் கும்பிட்டதா எழுதுங்க.”

செல்வரத்தினத்துக்கு எரிச்சல் வந்தது. “உங்களைக் காட்சிக்கு வைக்கப் பாத்த மனுசனுக்கோ கும்பிடு?”

“அவரு எதுக்குச் செஞ்சாரோ, எனக்குத் தெரியாதுங்க. எம்புள்ள நனையாமத் தூங்குது. மண்ணத் தூத்துன கையாலயே கும்பிடுறேன்னு எழுதுங்க. அந்த ரயிலு என்னைக்கு வருதுன்னும் கேளுங்க. நானே புள்ளையத் தூக்கிக்கிட்டு வந்து முன்னால நிக்கிறேன். எம்புட்டுப் படம் வேணும்னாலும் புடிச்சுக்கட்டும்.”

கிளாக்கர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் ஒரு சொல் மாற்றாமல் எழுதினார்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. உறையைப் பிரித்துப் பார்த்த செல்வரத்தினம் சட்டென்று எழுந்து ஆபீஸ் கதவைச் சாத்தினார். அவளை உட்காரச் சொன்னார். ஆறு வருஷத்தில் அவர் அவளை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“என்னங்கய்யா, கோவமா எழுதியிருக்காரா?”

அவர் குரலைத் தாழ்த்திப் படித்தார்.

“அம்மா, உங்கள் மூத்த பிள்ளைக்கு நான் பிந்திவிட்டேன். மன்னிக்க வேண்டும். தோட்டத்துக் கூரையை மாற்றச் சொல்ல என் இலாகாவுக்கு அதிகாரம் இல்லை. எனக்குத் தெரிந்தது விளம்பரம் ஒன்றுதான். நீங்கள் படத்துக்கு நிற்க வேண்டாம். மேல் லயத்துக்கும் தகரம் ஏறும்வரை துரையிடம் ஒன்றும் சொல்லவும் வேண்டாம். அப்படி ஒரு ரயிலே கிடையாது. இருபது வருஷத் தொழிலில் நான் இல்லாத சரக்கை விற்றது இந்த ஒரு தடவைதான்.”