கன்னத்துச் சிவப்பு

ஜன்னல் திரையை இழுத்து மூடிய அறையில் அவன், அவன் மனைவி, நர்ஸ் மூன்று பேரும் பாதுகாப்புக் கண்ணாடியோடு இருக்கிறார்கள். "வாயை நல்லாத் திறங்கக்கா," என்கிறாள் நர்ஸ். பேனா போன்ற லேசர் குழலின் நுனி அவன் மனைவியின் வாய்க்குள் போகிறது. புற்றுநோய்க்கான மருந்து பலிக்கவில்லை என்று போன வாரம் நிறுத்திவிட்டார்கள். அந்த மருந்து வாயில் விட்டுப்போன புண்களுக்குத்தான் இந்த ஒளி. ஒவ்வொரு புண்ணின் மேலும் குழல் சற்று நிற்க, இயந்திரம் கீச்சிடுகிறது. அவன் கண்ணாடி மூக்கில் வழுக்குகிறது. விளிம்புக்கு மேலே அவள் கன்னம் உள்ளிருந்து சிவப்பாகச் சுடர்கிறது, வாயில் டார்ச்சை வைத்து விளையாடும் குழந்தையின் கன்னம் போல. "அண்ணே, கண்ணாடிய ஏத்திவிடுங்க." ஏற்றிவிடுகிறான், கண்ணாடிக்குள் சுடர் அணைந்துபோகிறது. ஓயாத வாய் அவளுடையது. சட்டை கசங்கியிருந்தால் தெருமுனை வரை துரத்தி வந்து திட்டும். புண் வந்ததிலிருந்து அந்த வாய் பேசவில்லை; அந்தத் திட்டுக்காகவே இன்று பொத்தான்களை வேண்டுமென்றே மாற்றிப் போட்டு வந்திருக்கிறான். சட்டை ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் கோமாளி வேஷம்போல் தொங்குகிறது. வழியில் இரண்டு பேர் சொல்லியும் சரிசெய்யவில்லை.

குழல் வெளியே வருகிறது. திரை விலகி வெளிச்சம் கொட்டுகிறது. அவள் மெல்ல எச்சில் விழுங்கிப் பார்க்கிறாள், முகம் சுளிக்கவில்லை. "எரிச்சல் குறைஞ்சிருக்குல்ல? இனி பேசலாம்க்கா," என்கிறாள் நர்ஸ். அவன் எழுந்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவளெதிரே போய் நிற்கிறான். அவள் பார்வை மேல் பொத்தானிலிருந்து கீழ்ப் பொத்தான் வரை நிதானமாக இறங்குகிறது. உதடுகள் பிரிகின்றன.

"வீட்டுக்குப் போலாங்க," என்கிறாள்.