பரிந்து பேச ஒருவர்

சிங்கப்பூரில் வேலை முடிந்து எல்லை தாண்டி, மலேசியாவின் கூலாய் நகரிலுள்ள தன் வீட்டுக்குள் நுழைந்த வசந்தன், ஹெல்மெட்டைக் கழற்றும்போதே மனைவியின் முகத்தைக் கவனித்தான்.

“ஏன் அழுதிருக்க?”

ரூபினி கைப்பேசியை நீட்டினாள். அவள் பாடி டிக்டாக்கில் போட்ட வீடியோவின் கீழே ‘கருநாகம்’ என்ற பெயரில் ஒருவன் எழுதியிருந்தான்: ‘செம்பனைத் தோட்டத்துத் தவளை கத்துது. வாயை மூடு.’

“வேலையத்த பய! காலையிலேருந்து நான் போனையே தொடல. பாத்திருந்தா அங்கேயே நல்லா குடுத்திருப்பேன். வா, போலீஸ்ல ரிப்போர்ட் போடலாம்.”

“வேணாங்க. அது நான்தான்.”

“என்ன லா சொல்ற?”

“மத்தியானம் வேற பேர்ல நானே எழுதினேன். நான் பாடினா ஒரு ஈ காக்காகூட எட்டிப் பாக்கறதில்ல. கேவலமாத் திட்டினாலாவது, ‘பாவம், அந்தப் பொண்ண ஏன் திட்டுற’ன்னு யாராச்சும் பரிஞ்சு பேச வருவாங்கன்னு நெனச்சேன்.”

“வந்தாங்களா?”

“ஒருத்தரும் வரல. திட்டினதுக்குத்தான் லைக் குவியுது.”

“சனங்களே அப்படித்தான், ஈவு இரக்கமே கெடையாது. நீ விடு ரூபி,” என்று அவள் தலையைத் தடவிக் கொடுத்தான்.

“லைக் போட்டது யாருன்னு மத்தவங்களுக்குத் தெரியாதுங்க. எழுதின ஆளுக்கு மட்டும் பேர் வரும்.”

தடவிய கை நின்றது.

“மொத பேரே உங்களுதுதான்,” என்றாள் ரூபினி. “கை கழுவிட்டு வாங்க, சாப்பாடு போடறேன்.”