சின்னவள் வாங்கிய பாட்டில்

சுட்ட கோழியை மாமனார் பார்பெக்யூ சாஸில் முக்கி முக்கிச் சாப்பிடும்போதெல்லாம் பெரிய மருமகளுக்கு வயிறு எரியும். அவருடைய சர்க்கரை நோய்க்காக இவள் தக்காளியை வேகவைத்து, இனிப்பே சேர்க்காமல் செய்த சாஸை அவர் ஒருநாள் நக்கிப் பார்த்ததோடு சரி. வீம்புக்கு இவளும் வாராவாரம் செய்து ஃப்ரிட்ஜில் வைக்கிறாள். பிள்ளைகள்தான் காலி செய்கிறார்கள் போல. சின்ன மருமகள் கடையில் வாங்கிய பாட்டிலைச் சாய்த்தால் மட்டும் மனிதர் விரலைச் சூப்புகிறார்.

"சின்னவ வந்தப்புறம்தான் இந்த வீட்ல நாக்குக்கு ருசி தெரியுது" என்றார் இன்றும்.

பெரியவளுக்குப் பொறுக்கவில்லை. பாட்டிலைத் திருப்பி லேபிளைச் சத்தமாகப் படித்தாள்.

"ரெண்டு ஸ்பூன் சாஸ்ல பதினாறு கிராம் சர்க்கரையாம் மாமா. நீங்க இப்பவே எட்டு ஸ்பூன் ஊத்திட்டீங்க."

மாமனார் முகம் வெளிறித் தட்டைத் தள்ளிவைத்தார்.

சின்னவள் அவளைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"காரியத்தையே கெடுத்துட்டீங்களே அக்கா. அந்த பாட்டில் காலியாகி ரெண்டு மாசமாச்சு. நீங்க செய்யற சாஸைத்தான் அதுல ஊத்தி வைக்கிறேன். பாட்டில்ல இருந்து வந்தாத்தான் அவருக்கு இறங்குது."

அதற்குள் கூடத்திலிருந்து மாமனார் குரல் கொடுத்தார்.

"பெரியவளே, வேற வழியில்ல. உன் சாஸையே கொண்டா."

கிண்ணத்தில் கொண்டுபோய் வைத்தாள். நாக்கில் தொட்டதுமே அவர் முகத்தைச் சுளித்தார்.

"என்ன இருந்தாலும் சின்னவ சாஸ் மாதிரி வருமா?"