ஏழாவது மாடித் துப்பாக்கிக்காரர்

கோபிகிருஷ்ணன் ஏழாம் எண் பொத்தானை மூன்றாவது முறையாகக் குத்தினான். லிஃப்டின் கதவு பாதி மூடி மறுபடியும் திறந்துகொண்டது. வாசலில் ஒரு காலை நீட்டி வைத்தபடி, சிதறிய வெங்காயத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள் ஓர் அம்மாள்.

மணி பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. இரண்டு மணிக்கு வேன் வந்துவிடும். அதற்குள் ஏழாவது மாடிக்குப் போய்ச் சுரேந்திரனைப் பார்த்தாக வேண்டும். 

லிஃப்ட் சும்மா நிற்கும்போதே ஒருத்தி அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு படியேறிப் போனாள். இந்த மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டை ஜனங்களுக்கு என்ன பைத்தியமோ! மிச்ச வெங்காயத்தைத் தானே அள்ளிக் கூடையில் போட்டு, அம்மாளைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே ஏற்றினான் கோபி.

மூன்றாவது மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. விளக்கு அணைந்தது. மின்விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது.

கோபி கதவை அறைந்தான். வாச்மேனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். போனில் சிக்னல் இல்லை. கதவிடுக்கில் விரலை விட்டு நெம்பியபோது விரலளவு திறந்தது. டார்ச் வெளிச்சத்தில் எதிரே தெரிந்தது வெறும் செங்கல் சுவர்.

"கத்தாதீங்க தம்பி. வாச்மேன் கோ மின் சாப்பிடப் போயிருப்பாரு. வந்தா மொட்டை மாடியில ஏறிக் கையால சக்கரத்தைச் சுத்தி இறக்கிவிடுவாரு" என்று சொல்லிவிட்டு, அம்மாள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பெயர் தைலம்மாளாம், ஐந்தாவது மாடியாம். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டாள்.

சுரேந்திரனோடு படித்தவன் என்று கோபி சொன்னான். அவனுக்கு ஓர் ஆபத்து வரப்போகிறது, வருவதற்குள் அவனைப் பார்த்தே ஆக வேண்டும் என்றான்.

"கருப்பையா மகனுக்கா? அப்ப நீங்க பெரியவரையும் பாத்திருப்பீங்களே?"

பார்த்ததே இல்லை என்றான் கோபி.

தைலம்மாள் அதன் பிறகு அவன் கேட்காமலே பேச ஆரம்பித்தாள். குழாய் வாய் வழியே மருந்தையும் குண்டையும் இடித்துக் கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கி. பர்மியர்கள் தூமி என்பார்கள். அதைச் செய்வதில் கருப்பையாவை மிஞ்ச ஆள் இல்லையாம். மலைப்பக்கத்து வேட்டைக்காரர்கள் இரண்டு நாள் பஸ்ஸில் வந்து தவம் கிடப்பார்களாம். வயலை மேய வரும் பன்றிக்கு என்றால் செய்வார், ஆளுக்கு என்றால் வாசலோடு அனுப்பிவிடுவார்.

குழாயின் உட்புறம் குண்டு சுழன்று போக ஏழு புரி வெட்டுவார். புதுத் துப்பாக்கியின் முதல் வெடியைத் தன் தோளில் வைத்துத் தானே போடுவார். வெடித்துச் சிதறினால் செய்தவன் முகம்தான் போக வேண்டும் என்பாராம்.

கோபி வாட்சைப் பார்த்தான். ஒன்று இருபது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நாலடிக்கு நாலடிப் பெட்டிக்குள் வெங்காய வாடையும் இந்த அம்மாளின் குரலும்தான் இருந்தன, காற்று இல்லை. மறுபடி கதவை அறைந்தான்.

"குழாய் நேரா இருக்கான்னு பாக்க என்ன செய்வாரு தெரியுமா? எங்கிட்ட ஒரு தலைமுடி கேப்பாரு. அப்ப எனக்கு இடுப்புக்குக் கீழ முடி. அதைக் குழாய்க்குள்ள இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்துக் கட்டி, ஒத்தைக் கண்ணால பாப்பாரு. எங்க வீட்டுக்காரருக்கு அதுல கொஞ்சம் பொறாமைதான்."

இருட்டில் அவள் லேசாகச் சிரித்த சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

ஆறு மாதத்துக்கு முன்னால் பட்டாளத்தார் வந்து கருப்பையாவை அள்ளிக்கொண்டு போனார்கள் என்றாள். இந்த வாசலில்தான் வேன் நின்றதாம். பதினோராம் நாள் ஒரு பொட்டலம் சாம்பல் வந்ததாம்.

 போன் சார்ஜ் போகிறது என்று முணுமுணுத்து டார்ச்சை அணைத்தான் கோபி.

ஒன்று ஐம்பதுக்கு மொட்டை மாடியில் சக்கரம் கிறீச்சிட்டது. லிஃப்ட் அங்குலம் அங்குலமாக இறங்கி மூன்றாவது மாடியில் நின்றது. கதவைத் திறந்த கையோடு கோபி பாய்ந்தான். நாலு மாடியையும் இரண்டு இரண்டு படியாகத் தாவினான்.

சுரேந்திரன் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. ஜன்னல் வழியே பார்த்தான். பாய், பெட்டி, சுவரிலிருந்த சாமி படம் எதுவும் இல்லை.

ஐந்தாவது மாடிக்கு இறங்கி வந்தான். கீழே தெருவில் வேன் ஒன்று வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பையில் போன் அதிர்ந்தது. அவன் எடுக்கவில்லை.

தைலம்மாள் மூச்சு வாங்கியபடி தன் வீட்டுக்குள் நுழைந்து, இரும்புக் கிராதியை இழுத்துப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"அரிசி மூட்டையோட படியேறினாளே, அவ மேல போய்ச் சொல்லியிருப்பா. ஒண்ணேகாலுக்கே கிளம்பியிருப்பான். பிள்ளை தப்பிச்சுட்டான். சந்தோஷம்தானே தம்பி?"

கோபிக்குச் சிரிக்க வரவில்லை. கரண்ட் போகிற நேரம் தெரிந்துதான் ஏறினீர்களா என்று கேட்டான்.

"ஒரு மணிக்குப் போகும்னு இங்க கைப்புள்ளைக்குக்கூடத் தெரியுமே."

சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, கிராதிக் கம்பிகளுக்கு அந்தப் பக்கமிருந்து அவனை நன்றாகப் பார்த்தாள்.

"கருப்பையாவை அள்ளிட்டுப் போன வேன்ல, முன்சீட்டுல நீதானே உக்காந்திருந்தே?"