நீலப் புகை

"இஞ்சின் ரிங் தேஞ்சிருச்சு போல, அண்ணே. கார் ஒயிலாக் குடிக்குது," என்றான் டிரைவர் பத்திநாதன். பின்னால் நீலப் புகை கிளம்பிக்கொண்டிருந்தது. "இன்னிக்குச் சரியாகலைன்னா காரை வித்துட்டு, என்னைய தேயிலைச் செடி கவ்வாத்து வெட்ட அனுப்பிருவேன்னு தோட்டத்துத் தொரை சொல்லிட்டாரு."

நோர்வூட் டவுன் மெக்கானிக் மாசிலாமணி காரைச் சமதரையில் நிறுத்தி, ஒயில் பார்க்கும் குச்சியை உருவினார். கோட்டுக்கு மேலே இரண்டு விரல் அளவு ஏறியிருந்தது.

"இஞ்சின்ல கோளாறே இல்ல. அளவுக்கு மேல ஊத்துனா எரியத்தான் செய்யும். எங்க நிறுத்திப் பாக்குறீங்க?"

"பங்களா ஷெட்டுல. காரோட மூக்கு மேட்டைப் பாத்து நிக்கும்."

"அப்ப ஒயில் பின்னால ஓடிரும். குச்சி கொறைச்சுத்தான் காட்டும். இதுகூடத் தெரியாம என்ன டிரைவர் நீ?"

"தெரியும், அண்ணே. குச்சியைத் தொட என்னைய விடுறதில்ல. தொரையே பாத்து, தொரையே ஊத்துவாரு."

மாசிலாமணி சற்று யோசித்தார். கூடுதல் ஒயிலை வடித்துவிட்டு, துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார்: 'இஞ்சின் நல்ல நிலையில் உள்ளது. ஷெட்டின் தரைதான் கோணல்.'

துரை சீட்டைப் படித்தார். இத்தனை நாளாய் அதைக் கவனிக்கவில்லையே என்று பத்திநாதனைத் திட்டி, கையில் மண்வெட்டியைக் கொடுத்தார்.

மூன்று நாளில் தரை சமமானது. நான்காம் நாள் காலை, பத்திநாதனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, துரையே குச்சியை உருவிப் பார்த்தார்.